ஃபில்டர் காபியா, இன்ஸ்டன்ட் காபியா? உங்கள் கோப்பைக்குள் எவ்வளவு கொட்டை இருக்கிறது?

பெங்களூருவில் தர்ஷினி ஓட்டல் வாசலில் நின்று காபி குடித்தவர்களுக்கு 'பை-டூ' என்ற சொல் தெரிந்திருக்கும். ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு டம்ளர்களில் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்வது. பேச்சுத் துணைக்கு நாலு வாய் காபி போதும் என்பதுதான் அதன் கணக்கு. மல்லேஸ்வரம், காந்தி பஜார், அல்சூர் என்று எங்கே போய்க் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2025-ல் இந்தப் பை-டூவுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது: விலை. அந்த ஆண்டு பிப்ரவரியில் உலகச் சந்தையில் காபிக் கொட்டை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ஏப்ரல் 1 முதல் கர்நாடகத்தில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. காபி என்றாலே பொடியும் பாலும்தானே? இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் ஓட்டல்காரர் என்ன செய்வார், வீட்டில் மளிகைக் கணக்கு எழுதுகிறவர்தான் என்ன செய்வார்?

இந்தச் சூழலில் செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. இன்ஸ்டன்ட் காபிக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஃபில்டர் காபிப் பொடிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு காபியும் ஒரே வரியில் நிற்பது இதுதான் முதல் முறை.

அப்படியானால் ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடலாமா? உடம்புக்கு எது நல்லது? குடகிலும் சிக்கமகளூருவிலும் காபி விளைவிக்கிறவருக்கு நம் கோப்பையில் எது இருந்தால் என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரியில் இத்தனை நாள் ஏன் வித்தியாசம்?

வறுத்து அரைத்த காபிப் பொடி, வரிப் பட்டியலில் டீ, மிளகு, ஏலக்காய் இருக்கும் 9-வது அத்தியாயத்தில் வருகிறது. விளைபொருளுக்கு நெருக்கமான சரக்கு என்பதால் வரி குறைவு. இன்ஸ்டன்ட் காபி, சட்டத்தின் பார்வையில் காபியே அல்ல, காபியின் 'சாறு'. அது பதப்படுத்திய உணவுகளுக்கான 21-வது அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் அதற்கு 28 சதவீதம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. இப்போது 5. சிக்கரிக்கான வரியும் 12-லிருந்து 5-க்கு இறங்கியிருக்கிறது.

கையில் இது எவ்வளவு? வரிக்கு முன் 100 ரூபாய் விலையுள்ள இன்ஸ்டன்ட் பாட்டில் முன்பு 118 ரூபாய், இப்போது 105 ரூபாய். கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைய வேண்டும். ஆனால் 2 ரூபாய் சாஷேயில் 22 காசைக் குறைத்து விற்க முடியாது. எடையைத்தான் கூட்ட முடியும். சாஷே வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பதை விட, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் கணக்கைப் பார்ப்பது நல்லது.

கணக்கு போட்டால் என்ன வருகிறது?

விலை விஷயத்தில் முக்கியமான கணக்கு வரி இல்லை, கிராம். வீட்டில் சின்ன எடை மெஷின் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் பொடி சுமார் 2 கிராம் இருக்கும். ஒரு கோப்பைக்கு அது போதும். ஃபில்டரில் திக்காக ஒரு கோப்பை வேண்டுமென்றால் சுமார் 10 கிராம் பொடி போட வேண்டும்.

ஐந்து மடங்கு வித்தியாசம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கிலோ இன்ஸ்டன்ட் செய்ய ஒரு கிலோவுக்கு மேலேயே கொட்டை தேவை. சர்வதேச காபி அமைப்பு பயன்படுத்தும் கணக்குப்படி, ஒரு கிலோ வறுத்த காபிக்கு 1.19 கிலோ பச்சைக் கொட்டை; ஒரு கிலோ இன்ஸ்டன்ட்டுக்கு 2.6 கிலோ பச்சைக் கொட்டை. இதை வைத்துப் பார்த்தால் 10 கிராம் ஃபில்டர் பொடிக்குள் இருப்பது 11.9 கிராம் பச்சைக் கொட்டை. 2 கிராம் இன்ஸ்டன்ட்டுக்குள் இருப்பது 5.2 கிராம். ஒரு ஃபில்டர் காபிக்கான கொட்டையில் இரண்டு இன்ஸ்டன்ட் காபி போட்டுவிடலாம். கிட்டத்தட்ட பை-டூதான், ஆனால் தொழிற்சாலையிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் சிக்கரி கலந்துதான் குடிக்கிறோம். 80:20 ஃபில்டர் பொடி என்றால் கோப்பைக்கு சுமார் 9.5 கிராம் பச்சைக் கொட்டை. 70:30 இன்ஸ்டன்ட் என்றால் சுமார் 3.6 கிராம். இப்போது பச்சைக் கொட்டை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் காபி ஒரு கோப்பைக்கு 95 காசு கூடும், இன்ஸ்டன்ட்டுக்கு 36 காசு. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு வேளை காபி என்றால் மாதம் 240 கோப்பை. ஃபில்டர் வீட்டுக்கு 228 ரூபாய் கூடுதல் செலவு, இன்ஸ்டன்ட் வீட்டுக்கு 87 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

100 ரூபாய் ஏற்றம் என்பது பெரிய கற்பனை இல்லை. லண்டன் சந்தையில் 2023 தொடக்கத்தில் டன் சுமார் 2,000 டாலராக இருந்த ரொபஸ்டா, 2025 பிப்ரவரியில் 5,700 டாலரைத் தாண்டியது. கிலோவுக்கு 300 ரூபாய்க்கும் மேல் ஏற்றம். ரொபஸ்டாவை அதிகம் விளைவிக்கும் வியட்நாமில் வறட்சி, உலகிலேயே அதிகம் காபி விளையும் பிரேசிலிலும் வறட்சி. இரண்டும் அடுத்தடுத்து வந்தன. பிறகு விலை ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதனால் இன்ஸ்டன்ட்தான் எப்போதும் மலிவு என்று எழுதிவிடலாமா? முடியாது. கண்ணாடி பாட்டில், விளம்பரம், கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த 2 கிராமின் மேல்தான் ஏறுகின்றன. உங்கள் வீட்டுக்கு எது மலிவு என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி: இன்ஸ்டன்ட் பாக்கெட் விலையை அதன் கிராமால் வகுத்து 2-ஆல் பெருக்குங்கள், ஃபில்டர் பொடியின் கிலோ விலையை 100-ஆல் வகுங்கள். கோப்பைக்கான விலை வந்துவிடும். உதாரணமாக, கிலோ 800 ரூபாய்ப் பொடி என்றால் கோப்பைக்கு 8 ரூபாய். 50 கிராம் 120 ரூபாய் இன்ஸ்டன்ட் என்றால் 4 ரூபாய் 80 காசு.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபில்டர் வைக்கும் வீடுகளில் இரண்டாம் டிகாக்‌ஷன் என்ற ஒன்று உண்டு. விருந்தாளிக்கு முதல் டிகாக்‌ஷன், அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி வீட்டு ஆட்களுக்கு இரண்டாவது. ருசியில் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் கோப்பைக்கான செலவு கணிசமாக இறங்கிவிடும். நம் பாட்டிமார் கணக்கில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

2 கிராம் எப்படிப் போதுமாகிறது?

ஃபில்டரில் வெந்நீர் பொடியின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, காபியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் நீரில் கரைகிறது. மீதி சக்கையாக மேல் டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. 10 கிராம் பொடியில் 2 கிராம் கரைகிறது என்றால், டிகாக்‌ஷனாக நாம் குடிப்பதும் அந்த 2 கிராம்தான். சிக்கரி நீரில் எளிதாகக் கரையும் என்பதால், அது கலந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இன்ஸ்டன்ட் டீஸ்பூனில் இருப்பதும் அதே அளவு. ஒன்றில் சக்கை நம் வீட்டுச் செடிக்குப் போகிறது, இன்னொன்றில் தொழிற்சாலையிலேயே நின்றுவிடுகிறது.

தொழிற்சாலையில் நடப்பதும் டிகாக்‌ஷன் இறக்கும் வேலைதான், ஆனால் மிகப் பெரிய அளவில். வறுத்து உடைத்த கொட்டையை உயரமான உருளைகளில் அடைத்து, 150 டிகிரிக்கு மேல் சூடான நீரை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். வீட்டு வெந்நீரில் கரையாத பொருள்களும் அந்தச் சூட்டில் உடைந்து கரைகின்றன. வறுத்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி வரை எடுத்துவிட முடிகிறது. கொட்டை மிச்சமாகும் ரகசியம் இதுதான். ருசி மாறுவதற்கும் இதே சூடுதான் காரணம்.

அப்படி இறக்கிய சாற்றைச் சுண்டவைத்து, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து சூடான காற்றுக்குள் தூவினால் நீர் ஆவியாகி, பொடி கீழே விழும். மலிவான இன்ஸ்டன்ட் பெரும்பாலும் இப்படி வருகிறது. இன்னொரு முறையில் சாற்றை மைனஸ் 40 டிகிரி அளவுக்கு உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்குகிறார்கள். மணம் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும், விலையும் கூடும். 'ஃப்ரீஸ் டிரைட்' என்று எழுதியிருக்கும் பாட்டில்கள் இந்த வகை.

எப்படிச் செய்தாலும் மணத்தின் ஒரு பகுதி போய்விடும். அதனால்தான் மணத்துக்குப் பேர்போன அராபிகாவை விட, விலை குறைந்த, கசப்பும் காஃபீனும் கூடிய ரொபஸ்டா இன்ஸ்டன்ட்டுக்கு அதிகம் போகிறது. கடையில் நின்று "பீபெர்ரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி" என்று சொல்லி அரைத்து வாங்குகிறவருக்கு இன்ஸ்டன்ட் ஏன் பிடிப்பதில்லை என்றால், அவருடைய நாக்கு தேடும் கொட்டை அதற்குள் பெரும்பாலும் இருப்பதில்லை.

மிஞ்சிப்போன கொட்டையிலிருந்து

ஒரு சின்னக் கிளைக்கதை. 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பிரேசிலில் காபி விற்காமல் குவிந்து கிடந்தது. அதைக் கெடாமல் வைக்கும் வழி தேடித்தான் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. 1938-ல் நெஸ்கஃபே விற்பனைக்கு வந்தது. அதே மந்தம் இந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. இங்கே 1935-ல் காபி மேல்வரிக் குழு அமைந்தது. இந்தியர்களைக் காபி குடிக்கவைக்க 1936-ல் பம்பாயில் காபி ஹவுஸ் திறந்தது. போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட பிறகு, 1942-ல் காபிச் சட்டம் வந்தது. இன்று பெங்களூரு அம்பேத்கர் வீதியில் இருக்கும் காபி வாரியம் அந்தச் சட்டத்தின் பிள்ளை. சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் இந்தியா காபி ஹவுஸுக்குப் போகிறவர்கள், அந்தக் கதையின் மிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொட்டை மிஞ்சியபோது பிறந்த இன்ஸ்டன்ட், கொட்டை தட்டுப்படும் காலத்தில் சிக்கனத்துக்கு உதவுகிறது. இது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல.

பாக்கெட்டின் பின்பக்கம்: சிக்கரி எவ்வளவு?

'ஃபில்டர் என்றால் சுத்தம், இன்ஸ்டன்ட் என்றால் கலப்படம்' என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. சிக்கரி கலப்படம் அல்ல. குஜராத்தின் ஜாம்நகர், கேடா பகுதிகளிலும், உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பகுதியிலும் பயிராகும் ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. காஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கனமும் கொடுக்கும். பாலோடு சேர்ந்தால் நமக்குப் பழகிய அந்தத் 'திக்' வருவதில் சிக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரச்சினை அளவில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் எழுதியே ஆக வேண்டும். ஃபில்டர் பொடிக்கும் இன்ஸ்டன்ட்டுக்கும் இதே விதிதான்.

ஆக, 53:47 என்ற விகிதத்தில் விற்கும் ஃபில்டர் பொடி சட்டப்படி சரிதான். அதைப் போட்டு, பித்தளை ஃபில்டரில் இறக்கி, டபராவில் ஆற்றிக் குடித்தாலும், அதில் கிட்டத்தட்ட பாதி வேர். அதே கடையில், அதே அலமாரியில், நூறு சதவீதம் காபி என்று எழுதிய இன்ஸ்டன்ட் பாட்டிலும் இருக்கும். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விகிதத்தைத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று: காபிக் கொட்டையை விட சிக்கரி மலிவு. விலையை ஏற்றாமல் சிக்கரியை ஏற்றுவது ஒரு கம்பெனிக்கு எளிதான வழி. அது எழுத்தில் இருக்கும் வரை சட்ட மீறலும் இல்லை. வழக்கமாக வாங்கும் பாக்கெட்டில் 80:20 என்று இருந்தது 70:30 ஆகிவிட்டதா என்று அவ்வப்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மல்லேஸ்வரத்திலோ காந்தி பஜாரிலோ கண்முன்னே அரைத்துக் கொடுக்கும் கடைகளில் இந்தக் கவலை குறைவு. "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று அவர்களே கேட்பார்கள். தூளாக வாங்கும் காபியில் வாடிக்கையாளர் கையில் இருக்கும் ஒரே பெரிய சுதந்திரம் இதுதான்.

ஐடி அலுவலகங்களில் பட்டனை அழுத்தினால் வருகிற பல மெஷின் காபிகளும், 'த்ரீ இன் ஒன்' சாஷேக்களும் வேறு ஜாதி. அவற்றில் சர்க்கரையும் பால் பவுடரும்தான் பெரும் பங்கு, காபி சிறு பங்கு. பொருள்கள் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் அதிகம். முதலில் 'சர்க்கரை' என்று இருந்தால் நீங்கள் வாங்கியது காபி வாசனையுள்ள சர்க்கரை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பெங்களூருவைச் சேர்ந்த ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் (இட்லி மாவு விற்கிற அதே ஐடிதான்) இறக்கிய டிகாக்‌ஷனையே திரவமாக அடைத்து விற்கிறது. சூடான பாலில் ஊற்றினால் காபி ரெடி. ஃபில்டர் கழுவ நேரமில்லாதவர்களுக்கு ஏற்ற பொருள். சிக்கரி விகிதம் பார்க்கும் வேலை இதிலும் உண்டு.

உடம்புக்கு எது?

காஃபீனில் தொடங்குவோம். ஐசிஎம்ஆர் மற்றும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 150 மில்லி காய்ச்சி இறக்கிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன். இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அந்த வழிகாட்டி. மூன்று திக்கான ஃபில்டர் காபியில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். இன்ஸ்டன்ட் என்றால் நாலு கோப்பைக்கு மேலும் இடம் இருக்கும். ராத்திரி தூக்கம் வராதவர்கள் மாலைக் காபியை மட்டும் இன்ஸ்டன்ட்டாக மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அதே வழிகாட்டியில் இதை விட முக்கியமான ஒரு வரி உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்பது. அவற்றில் உள்ள டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. பெங்களூருவோ சென்னையோ, நமக்கு இட்லி-வடைக்குப் பின்னாலேயே காபி வந்தாக வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காபி மட்டும் அதற்குக் காரணமில்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் டிபனோடு காபி குடித்தால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்குவது போலத்தான். ஃபில்டராக இருந்தாலும் இன்ஸ்டன்ட்டாக இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை. எந்தக் காபி என்பதை விட எப்போது குடிக்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதயத்துக்கு? 2022-ல் ஐரோப்பிய இதயநோய்த் தடுப்பு இதழ் ஒன்றில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிரிட்டனின் யுகே பயோபேங்க் தரவில் இருந்த 4,49,563 பேரைச் சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தினமும் 2 முதல் 3 கோப்பை குடித்தவர்களிடம், குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், மரண ஆபத்து அரைத்த காபியில் 27 சதவீதமும், இன்ஸ்டன்ட்டில் 11 சதவீதமும் குறைவாக இருந்தது. காஃபீன் நீக்கிய காபியில்கூட 14 சதவீதம் குறைவு. 'இன்ஸ்டன்ட் கெடுதல்' என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு பதில். ஆனால் காபிதான் ஆயுளைக் கூட்டியது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அரைத்த காபி வாங்குகிறவரின் வருமானமும் வாழ்க்கை முறையும் வேறாக இருக்கலாம். தவிர, பிரிட்டன்காரர் குடிக்கும் கோப்பையும் நம் பால் காபியும் ஒன்றல்ல.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் ஒன்றும் இருக்கிறது: 'இன்ஸ்டன்ட்டில் புற்றுநோய் வரவைக்கும் அக்ரிலமைடு இரண்டு மடங்கு.' வறுக்கும்போது உருவாகும் இந்தப் பொருள் எல்லாக் காபியிலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரையளவு, வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், இன்ஸ்டன்ட்டுக்கு 850. கிலோ கணக்கில் இரண்டு மடங்கு என்பது சரிதான். ஆனால் யாரும் கிலோ கணக்கில் குடிப்பதில்லை. அந்த வரையளவையே எடுத்துக்கொண்டாலும் 2 கிராம் இன்ஸ்டன்ட்டில் 1.7 மைக்ரோகிராம், 10 கிராம் பொடியில் அதிகபட்சம் 4. கோப்பைக்குள் வரும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், வெறும் சிக்கரிக்கு அதே விதியில் 4,000 மைக்ரோகிராம் வரை வைத்திருக்கிறார்கள். இது பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் குறைக்க வேண்டியது சிக்கரியை.

கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்களுக்கு ஒரு விஷயம். காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடிப்பதில் அது அதிகம். காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். இன்ஸ்டன்ட்டில் மிகக் குறைவு. நம் ஃபில்டரில் காகிதம் இல்லை, உலோகச் சல்லடைதான். ஒன்றிரண்டு கோப்பைக்குப் பயப்பட வேண்டியதில்லை. டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சே அரைகுறை. கோப்பைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று கோப்பை என்றால் சுமார் 30 கிராம். தினமும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியிலேயே கோட்டா முடிந்துவிட்டது. இன்ஸ்டன்ட்டா ஃபில்டரா என்ற சண்டையை விட இந்தச் சண்டை பெரியது.

கொட்டை விளைவிப்பவருக்கு இதில் என்ன?

இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 3.6 லட்சம் டன் காபி விளைகிறது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில், முக்கியமாகக் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களில். அடுத்து கேரளா; ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானல் மலைகளோடு தமிழ்நாடு மூன்றாம் இடம். தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள்.

ஆனால் விளைவதை நாம் குடிப்பதில்லை. மத்திய அரசு கொடுத்த கணக்குப்படி உள்நாட்டு நுகர்வு 2012-ல் 84,000 டன், 2023-ல் 91,000 டன். விளைச்சலில் நாலில் ஒரு பங்கு. தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு சுமார் 65 கிராம். ஃபின்லாந்தில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோ குடிக்கிறார். மீதி எல்லாம் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று கப்பலேறுகிறது. 2020-21-ல் சுமார் 72 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, 2023-24-ல் 129 கோடி டாலரைத் தொட்டது, 2024-25-ல் சுமார் 180 கோடி டாலர். கப்பலேறுவதில் கணிசமான பங்கு இன்ஸ்டன்ட்தான். ஆந்திராவில் குண்டூர் அருகே டுக்கிராலவில் சிசிஎல், தேனியிலும் தெலங்கானாவின் தூப்ரானிலும் டாடா, மைசூரு அருகே நஞ்சன்கூட்டில் நெஸ்லே என்று ஆலைகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்கான இன்ஸ்டன்ட்டில் உள்ளூர்க் கொட்டை மட்டும் இல்லை. வியட்நாமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இறக்கி, பதப்படுத்தித் திரும்ப அனுப்புவதும் உண்டு.

இப்போதைக்கு உலகம் வாங்குகிறது, விலையும் நன்றாக இருக்கிறது. இந்த நிலையில் பெங்களூருக்காரர்கள் எல்லோரும் இன்ஸ்டன்ட்டுக்கு மாறினாலும் தோட்டக்காரருக்குப் பெரிதாகத் தெரியாது. பிரச்சினை விலை விழும்போது வரும். 1990-களின் நடுப்பகுதி வரை விவசாயி தன் கொட்டையைக் காபி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்றுப் பணம் கொடுக்கும். 1992-லிருந்து அது தளர்ந்து, 1996-ல் முழுச் சுதந்திரம் கிடைத்தது. அன்றிலிருந்து லண்டன், நியூயார்க் விலைப்பலகை நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டது. ஏறினாலும் அவருக்குத்தான், இறங்கினாலும் அவருக்குத்தான். அப்படி இறங்கும் காலத்தில் தாங்கிப் பிடிக்க உள்நாட்டில் வாங்க ஆள் வேண்டும். அங்கேதான் மேலே போட்ட கிராம் கணக்கு திரும்பி வருகிறது: ஒரு 80:20 ஃபில்டர் காபி, ஒரு 70:30 இன்ஸ்டன்ட் காபியை விட இரண்டரை மடங்குக்கு மேல் கொட்டையை வாங்குகிறது. அராபிகா விளைவிக்கும் சிறு விவசாயிக்கு, பீபெர்ரி கேட்டு வாங்கும் ஃபில்டர் வீடுகள்தான் பக்கத்திலேயே இருக்கும் சந்தை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வட இந்தியாவில் காபிப் பழக்கம் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் வழியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஃபில்டரே பார்த்திராத வீட்டில் 2 ரூபாய் சாஷேதான் முதல் காபி. வரிக் குறைப்பால் அப்படிப் புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்கள் கூடினால், தெற்கே ஃபில்டர் வீடுகளில் குறையும் கொட்டையை அவர்கள் ஈடுகட்டலாம். ஆனால் அந்த சாஷேக்குள் போவது ரொபஸ்டாவும் சிக்கரியும். குடகின் ரொபஸ்டா விவசாயிக்கு அது நல்ல செய்தி. நிழல்மரங்களுக்குக் கீழே, ஆள்கூலி அதிகம் போட்டு அராபிகா வளர்க்கும் சிக்கமகளூரு விவசாயிக்கு அப்படி இல்லை.

இந்த மலைகளில் அராபிகா அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்குகிறது, ரொபஸ்டா பிப்ரவரி வரை போகும். காய்ந்து, தோல் நீக்கி, வறுபட்டு, புதுக் கொட்டை பெங்களூருவின் பொடிக் கடைகளுக்கு வந்து சேரக் கோடை ஆகிவிடும். அப்போது கடைக்காரர் எழுதிவைக்கும் கிலோ விலையையும், உங்கள் இன்ஸ்டன்ட் பாக்கெட்டில் இருக்கும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்கள்.